வன்னிக்கு ஒரு மென்பொருட் களஞ்சியம் வேண்டும்

அண்மையில் கிளிநொச்சி சென்றிருந்தபோது, உறவுமுறையில் எனக்கு மருமகனான இளைஞர் ஒருவர் தமது மடிக்கணினியுடன் என்னைத் தேடி வந்தார். கணினியியல் பயிலும் மாணவர். பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்திலேயே லினக்ஸைப் பயன்படுத்தத் தொடங்கியவன் என்பதால், கணினிக்கு வைத்தியம் பார்ப்பவன் என்றொரு பெயர் உறவினர் வீடுகளில் எனக்குண்டு.

“மாமா, ஒரு கட்டளைதான் போட்டனான். இப்ப அப்டேற்றும் வருகுதில்லை, சில மென்பொருள் திறபடுதும் இல்லை” என்றார்.

நடந்தது இதுதான். தமிழ்ச் சொற்களை எழுத்தெழுத்தாகப் பிரித்து எண்ணும் சிறு நிரல் ஒன்றைப் பைத்தன் மொழியில் எழுத அவர் விரும்பியிருக்கிறார். அதற்கு உதவும் ஓப்பன்-தமிழ் என்ற நிரல்தொகுதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை நிறுவுவதற்காகப் பிப் என்ற கருவியை இயக்கியபோது, ‘இச்சூழல் வெளியிலிருந்து முகாமை செய்யப்படுகிறது’ என்ற பொருள்பட ஆங்கிலத்தில் நீண்டதொரு செய்தி தோன்றி வேலை நின்றுவிட்டது. அச்செய்தியை அவர் முழுவதும் படிக்கவில்லை. தலைப்பை மட்டும் தேடுபொறியில் இட்டார். எங்கோ ஒரு பக்கத்தில் ஒரு வரி கிடைத்தது. அதை வெட்டி ஒட்டினார். அது வேலை செய்ததும், அதே முறையில் மேலும் நாலைந்து நிரல்தொகுதிகளையும் புதுப்பித்துக்கொண்டார்.

அந்த வரியின் முதற்சொல் ‘சூடோ’. கணினியின் முழு அதிகாரத்தையும் கையளிக்கும் சொல் அது. கடைசியில் இருந்தது ‘பிரேக்-சிஸ்டம்-பக்கேஜஸ்’. தமிழில் சொன்னால், ‘இயங்குதளத்தின் பொதிகளை உடைத்துவிடு’. கணினி சொன்னதைச் செய்தது.

மீண்டும் நிறுவுவதைத் தவிர வழியிருக்கவில்லை. உபுண்டு 24.04இன் நிறுவற் கோப்பு ஏறக்குறைய 6 ஜிகாபைட். கைப்பேசிக்கு ரீலோட் செய்து அதன் இணைப்பில் படிக்கும் மாணவர் ஒருவருக்கு அது சிறிய விடயமன்று. நண்பர் ஒருவரிடம் பென்டிரைவில் பிரதி இருப்பதை அறிந்து, அதை வாங்கி, எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு வாரம் சென்றது. அந்த வாரத்தில் அவர் ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை.

அந்த மாணவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவரைப் போன்றவர்கள் நிரல் கற்கும் பயணத்தின் முதல் நாளிலேயே தடுக்கி விழும் படி ஒன்று இருக்கிறது. அந்தப் படி வன்னியில் மற்ற இடங்களைவிட உயரமாக இருக்கிறது. அதைக் குறைக்கப் பெரும் பணம் தேவையில்லை என்பது எனது கருத்து.

முதலில், அந்தப் படி எதுவென்று விளக்கவேண்டும்.

லினக்ஸ் கணினியில் இரண்டு வகையான பொதி முகாமைகள் உள்ளன. ஒன்று இயங்குதளத்துக்குரியது. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் அதன் பெயர் ஆப்ட். அது 1999 மார்ச்சில் வெளியான டெபியன் 2.1 உடன் வந்தது. மற்றையது நிரல்மொழிக்குரியது. பைத்தனுக்குப் பிப், நோட் நிரலர்களுக்கு என்பிஎம், பிஎச்பி மொழிக்குக் கொம்போசர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று உண்டு. நிரல் எழுதுவோருக்கு இந்த இரண்டாவது வகை இன்றியமையாதது. ஆனால் அதுவும் ஒரு மென்பொருள்தான். அதையும் எங்கிருந்தாவது நிறுவவேண்டும். முதலாவது முகாமையின் களஞ்சியத்திலிருந்து எடுப்பதா, இணையத்தில் கிடைக்கும் ஒரு கட்டளையை ஒட்டி எடுப்பதா என்பதே கேள்வி.

களஞ்சியத்திலிருந்து எடுங்கள் என்பேன். காரணத்தை எனது தொழிலிலிருந்தே சொல்கிறேன்.

செய்தித்தாள் அலுவலகத்தில் ஒரு செய்தி அச்சேறுவதற்கு முன் பல கைகளைக் கடக்கும். அனுப்பியவர் யார், அவர் சொன்னதை வேறு யாரிடம் கேட்டு உறுதிசெய்தோம், பக்கத்தில் இருக்கும் மற்றச் செய்தியோடு இது முரண்படுகிறதா என்று துணையாசிரியர் பார்ப்பார். டெபியனின் களஞ்சியமும் அவ்வாறுதான் இயங்குகிறது. 1993 ஓகஸ்ட் 16இல் தொடங்கிய அத்திட்டத்தில், ஒவ்வொரு பொதிக்கும் பொறுப்பாளர் ஒருவரோ குழுவொன்றோ உண்டு. மூலநிரலை அவர்கள் எடுத்து, மற்றப் பொதிகளுடன் ஒத்துப்போகச் செய்து, களஞ்சியத்தில் சேர்க்கிறார்கள். 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12இல் இவ்வாறு 64,000க்கும் மேற்பட்ட பொதிகள் இருந்தன. நாம் திரையில் தமிழைப் படிக்க உதவும் லோகித் தமிழ் எழுத்துருவும் அப்படி ஒரு பொதியாகவே நம்மை வந்தடைகிறது. களஞ்சியத்தின் பட்டியல் மின்கையொப்பமிடப்படுகிறது. பட்டியலில் ஒவ்வொரு பொதிக்கும் கைரேகை போன்ற ஓர் எண் இருக்கிறது. இடையில் யாராவது ஒரு எழுத்தை மாற்றினாலும் ஆப்ட் நிறுவ மறுத்துவிடும்.

நிரல்மொழிகளின் களஞ்சியங்கள் வேறுவகையானவை. பைத்தனுக்கான பைபிஐ, நோட்டுக்கான என்பிஎம் ஆகியவற்றில் கணக்குத் திறந்த எவரும் தமது பொதியை வைக்கலாம். அது ஊர்ச்சந்தியிலுள்ள அறிவித்தற் பலகையைப் போன்றது. அதனால்தான் அவை இவ்வளவு விரைவில் வளர்ந்தன. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆயினும் பலகையில் ஒட்டப்பட்டதை யாரும் திருத்திப் பார்ப்பதில்லை என்பதை வாசிப்பவர் மறக்கக்கூடாது. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பாட் என்ற 11 வரி நிரலை அதை எழுதியவர் சினந்து நீக்கியபோது, அதை நம்பியிருந்த உலகின் பெரிய நிறுவனங்களின் நிரல்களே கட்டமைக்க முடியாமல் நின்றன. 2025 செப்ரெம்பரில் பிரபலமான என்பிஎம் பொதிகளின் பொறுப்பாளர் ஒருவரைப் போலி மின்னஞ்சலால் ஏமாற்றி, அவருடைய பொதிகளில் தீநிரலைச் சேர்த்தார்கள். அதே மாதத்தில் பொதியிலிருந்து பொதிக்குத் தானே பரவும் புழுநிரல் ஒன்றும் அங்கு தோன்றியது.

களஞ்சியம் மட்டும் தவறே செய்யாததா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2024 மார்ச்சில் எக்ஸ்-இசட் என்ற சுருக்கக் கருவியில் பின்கதவு ஒன்று ஒளித்துவைக்கப்பட்டது வெளியானது. அது டெபியனின் சோதனைக் கிளைக்குள்ளும் நுழைந்திருந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழமையைவிட அரை விநாடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்துத் துருவிய ஆந்த்ரேஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலரே அதைக் கண்டுபிடித்தார். ஆனால் பொதுமக்கள் பயன்படுத்தும் நிலையான வெளியீட்டை அது எட்டவில்லை. புதியவை அங்கு வர நீண்ட காலம் எடுக்கிறது. அந்தத் தாமதமே அன்று காப்பாற்றியது. அவசரப்பட்டு அச்சிடாத பத்திரிகை வதந்தியிலிருந்து தப்பும் கதைதான்.

தாமதத்துக்கு மறுபக்கமும் உண்டு. அதையும் மறைக்கக்கூடாது. உபுண்டு 22.04 வெளிவந்தது 2022 ஏப்ரல் 21இல். அதன் களஞ்சியத்தில் இருந்தது நோட் 12ஆம் பதிப்பு. அந்தப் பதிப்புக்கான ஆதரவை நோட் திட்டம் 2022 ஏப்ரல் 30இல் முடித்துக்கொண்டது. புதிய வீடு குடிபுகுந்து ஒன்பதாம் நாளே கூரை பழசாகிவிட்டது. அன்றைய பாடநூல்களும் காணொளிகளும் கேட்டது அதைவிடப் புதிய பதிப்பை. இத்தகைய அனுபவம் ஒருமுறை கிடைத்தால், களஞ்சியம் என்றாலே பழையது என்று இளைஞர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

ஆகவே எனது அறிவுரை சற்று நுணுக்கமானது. பைத்தனைப் பொறுத்தவரை தயங்கவேண்டியதே இல்லை. ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தன்3-பிப் பைத்தன்3-வென்வ்’ என்ற ஒரு கட்டளை போதும். அதிகாரச் சொல் அந்த ஓரிடத்தோடு முடிந்துவிடவேண்டும். அடுத்து, தேவையான நிரல்தொகுதி களஞ்சியத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். நம்பை போன்ற பெரியவை அங்கேயே உள்ளன. இல்லையென்றால், செய்யும் வேலைக்கென ஒரு கோப்புறையைத் திறந்து, அதற்குள் வென்வ் மூலம் தனிச்சூழல் ஒன்றை அமைத்து, பிப்பை அதற்குள் மட்டும் இயக்குங்கள். பிழைத்தால் அந்தக் கோப்புறையை அழித்துவிடலாம். இயங்குதளத்துக்கு ஒன்றும் நேராது. நோட்டிலும் முதலில் களஞ்சியத்தின் பதிப்பைப் பாருங்கள். போதுமானால் அதையே எடுங்கள். போதாவிட்டால் நோட் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து கோப்பை இறக்கி, அங்கே தரப்பட்ட சரிபார்ப்பு எண்ணுடன் ஒப்பிட்டு, உங்களுடைய இல்லக் கோப்புறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவும்போதே தமது சொந்த நிரலை ஓடவிடும் பொதிகள் உண்டு. அவற்றுக்கு முழு அதிகாரத்தைக் கொடுப்பது, முன்பின் அறியாதவரிடம் வீட்டுச் சாவியுடன் காணி உறுதியையும் கொடுப்பதற்குச் சமம்.

எனது மருமகனைத் தடுத்த அந்த நீண்ட ஆங்கிலச் செய்தி இதைத்தான் சொல்லியிருந்தது. டெபியன் 12 முதல் அந்தத் தடை நடைமுறையில் இருக்கிறது. களஞ்சியத்தில் தேடு, தனிச்சூழல் அமை, அல்லது பிப்எக்ஸ் என்ற கருவியைப் பயன்படுத்து என்று மூன்று நல்வழிகளை அச்செய்தி காட்டுகிறது. உடைக்கும் வழியை அபாய எச்சரிக்கையுடன் இறுதியில் சொல்கிறது. தமிழில் படித்து வந்த மாணவருக்கு, கறுப்புத் திரையில் மளமளவென்று ஓடும் ஆங்கிலம் அறிவுரையாகத் தெரிவதில்லை; திட்டாகத் தெரிகிறது. அவரிடம் யாராவது ஒருவர் அந்தப் பத்து வரியைத் தமிழில் சொல்லியிருந்தால் அந்த வாரம் வீணாகியிராது. இணையவெளியெங்கும் எழுதிக் குவிக்கும் நாம், கணினி சொல்லும் பிழைச்செய்திகளை நல்ல தமிழில் விளக்கி எழுதியிருக்கிறோமா என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

இனி வன்னியின் விடயத்துக்கு வருகிறேன்.

கொழும்பிலோ ரொறன்ரோவிலோ ஒரு மாணவர் இதே தவறைச் செய்தால், கம்பிவழி இணைப்பில் அரைமணி நேரத்தில் மீண்டும் இறக்கிக்கொள்வார். அவருக்கு அது வேடிக்கையான அனுபவம். முல்லைத்தீவின் ஒரு கிராமத்தில், கைப்பேசிக் கோபுரத்தின் எல்லையில் இருக்கும் வீட்டில் அது ஒரு வாரம். சிலவேளை, ‘இது எனக்குச் சரிவராது’ என்ற முடிவு. படிப்பை இடையில் விடுபவர்கள் எல்லோரும் அறிவு போதாமல் விடுவதில்லை.

ஒரே வாசலை நம்பியிருப்பதன் விலை வன்னிக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் எரிபொருளும் மின்கலமும் உரமும் வவுனியாவுக்கு வடக்கே செல்ல முடியாதிருந்தன. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. 2002இல் ஏ9 வீதி திறந்தபோது ஓமந்தையில் வரிசைகள் நீண்டன. 2006 ஓகஸ்டில் அவ்வீதி மூடப்பட்டதும், யாழ்ப்பாணத்தில் செய்தித்தாள்கள் தாள் இல்லாமல் பக்கங்களைக் குறைத்தன. 2009இல் போர் முடிந்தது. வாசல் திறந்தது. ஆனால் 2022இன் பொருளாதார நெருக்கடியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை சென்றபோது, இணையமும் ஒரு வாசல்தான், அதுவும் மூடக்கூடியதுதான் என்பதை மறுபடியும் கண்டோம்.

இதற்கான விடை வன்னி மண்ணிலேயே இருக்கிறது. மாரியில் கனகராயன் ஆறு கொண்டுவரும் நீரை இரணைமடு தேக்கி வைக்கிறது. சிறுபோகத்துக்கு எவ்வளவு நீர், எத்தனை ஏக்கர் என்று கமக்காரர்கள் கூட்டம் கூடி முடிவெடுக்கிறார்கள். ஒவ்வொரு வயற்காரனும் தனித்தனியே மழையை எதிர்பார்த்து நிற்பதில்லை. மென்பொருளுக்கும் அப்படி ஒரு குளம் வெட்டலாம்.

தொழில்நுட்பம் ஏற்கனவே இருக்கிறது. ஆப்ட்-காஷர்-என்ஜி என்ற கருவியை ஒரு கணினியில் நிறுவினால், முதல் மாணவர் இறக்கிய பொதியை அது சேமித்து வைத்து, அடுத்த ஐம்பது மாணவர்களுக்கும் இணையச் செலவின்றிக் கொடுக்கும். இணைப்பே இல்லாத கணினிக்கு ஆப்ட்-ஓஃப்லைன் உண்டு. இந்தியாவைச் சேர்ந்த டெபியன் நிரலர் ரித்தேஷ் ராஜ் சராஃப் உருவாக்கியது அது. என்ன தேவை என்ற பட்டியலை வீட்டுக் கணினியில் எழுதி, பென்டிரைவில் நகரத்துக்குக் கொண்டுசென்று, பொதிகளை நிரப்பிவந்து நிறுவலாம். பிப்பிலும் நிரல்தொகுதிகளை முன்கூட்டியே ஒரு கோப்புறைக்கு இறக்கிவைத்து, பின்னர் இணையமின்றி நிறுவ வசதியிருக்கிறது. ஒரே வெளியீட்டுக்கும் ஒரேவகைக் கணினிக்கும் உரிய பொதிகளை மட்டும் எடுத்தால், டெபியன் களஞ்சியத்தின் பிரதி சாதாரண வெளிவட்டு ஒன்றில் அடங்கிவிடும். அந்த வட்டு ஏ9 வீதியில் பேருந்தில் வந்தாலும், பத்துக் கைகள் மாறி வந்தாலும், மின்கையொப்பம் அதன் உண்மையைச் சொல்லிவிடும். நம்பிக்கை வழியில் இல்லை, கையொப்பத்தில் இருக்கிறது என்பதே இந்த அமைப்பின் சிறப்பு. ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும்: பாதுகாப்புத் திருத்தங்கள் இடைவிடாது வருவதால், வட்டை ஒழுங்காகப் புதுப்பிக்கும் ஆள் ஒருவர் வேண்டும். தூர்வாராத குளம் குளமல்ல.

யார் செய்வது? கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் தொழில்நுட்ப பீடமும் இருக்கின்றன. வளாகமாக இருந்த வவுனியா, 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாகியிருக்கிறது. நாட்டின் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு உபுண்டு களஞ்சியத்தின் பிரதியை உள்நாட்டிலேயே பேணி வந்திருக்கிறது. வளாகத்துக்குள் இருக்கும் மாணவருக்கு இவற்றால் பயனுண்டு. வளாகத்து வேலிக்கு வெளியே, விசுவமடுவிலும் புதுக்குடியிருப்பிலும் நெடுங்கேணியிலும் இருக்கும் உயர்தர மாணவருக்கு? பல்கலைக்கழகங்கள் இரண்டும் தத்தம் மாவட்டப் பொது நூலகங்களுக்கு ஒரு வட்டைக் கொடுத்து, பருவத்துக்கு ஒருமுறையாவது மாற்றிக்கொடுக்கலாம். நூலகத்தின் வேலை நூல்களை இரவல் கொடுப்பது என்றால், நிரலும் எழுத்துத்தான்.

இன்னொன்றும் சாத்தியம். 2020இல் கொவிட் காலத்தில் பல்கலைக்கழகங்களின் இணையவழிக் கற்றல் தளங்களை டேட்டாக் கட்டணமின்றி அணுகத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இடமளித்தன. அதே சலுகையை உள்நாட்டு மென்பொருட் களஞ்சியப் பிரதி ஒன்றுக்கு வழங்கினால், நாட்டின் பின்தங்கிய எல்லா மாவட்டங்களுக்கும் அது உதவும். மொனராகலையின் சிங்கள மாணவருக்கும் சேர்த்துத்தான்.

புலம்பெயர்ந்த நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊர்ப் பாடசாலைகளுக்குக் கணினிகள் அனுப்புகிறீர்கள், நன்று. அடுத்தமுறை அனுப்பும்போது, ஒவ்வொரு பத்துக் கணினிக்கும் ஒரு களஞ்சிய வட்டையும் சேர்த்து அனுப்புங்கள். அதைப் புதுப்பிக்கும் ஆசிரியர் ஒருவருக்கு மாதாந்த இணையச் செலவைக் கொடுங்கள். 2005 முதல் 2011 வரை உபுண்டுவின் நிறுவனம் கேட்டவர்க்கெல்லாம் குறுவட்டுகளைத் தபாலில் இலவசமாக அனுப்பியது. எனக்கு வந்த உறையை இன்னும் வைத்திருக்கிறேன். முன்பின் அறியாத ஒரு நிறுவனம் செய்ததை, சொந்த ஊருக்கு நாம் செய்ய முடியாதா?

மருமகனின் கணினி இப்போது நலம். புறப்படும் நாளில், பிப்பையும் வென்வையும் களஞ்சியத்திலிருந்து அவரையே நிறுவச் சொல்லிப் பக்கத்தில் இருந்தேன். ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுப் படித்த பிறகே தட்டினார். அந்தத் தமிழெழுத்து எண்ணும் நிரல் ஓடியது. தமது பெயரைக் கொடுத்துப் பார்த்தார். விடை சரியாக வந்தது. பிறகு, “மாமா, உங்கட பென்டிரைவைக் கொஞ்சம் தாங்கோ” என்றார். பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை இந்த ஆண்டு உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் எடுத்திருக்கிறாளாம். அவளுக்கும் இதே பொதிகள் வேண்டுமாம்.

கொடுத்துவிட்டு வந்தேன்.